என்ஜினில் ஏதோ ஒன்று

'குட்டி இளவரசன்' இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு சின்ன விமானம் சஹாராவில் இறங்கி நிற்கிறது. என்ஜினில் ஏதோ ஒன்று உடைந்துவிட்டதாம். கதைசொல்லி அவ்வளவுதான் சொல்கிறார். எது உடைந்தது, எதனால் உடைந்தது என்று அங்கேயும் இல்லை, புத்தகம் முடியும்வரை வேறெங்கேயும் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் அந்த என்ஜினோடு மல்லுக்கட்டுகிறார். கடைசியில் சரிசெய்தும் விடுகிறார். அப்போதும் வாய் திறப்பதில்லை.

கல்லூரியில் முதன்முறை படித்தபோது இது என் கண்ணில் படவேயில்லை. யானையை விழுங்கிய மலைப்பாம்பு, பெட்டிக்குள் இருக்கும் ஆடு, நரி, ரோஜா, பாம்பு. என்ஜினை யார் பார்த்தார்கள்? மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்த நானே பார்க்கவில்லை. அப்புறம் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அடித்தால் எழுந்து சர்வரைப் பார்க்கிற பிழைப்பில் சில வருடங்கள் போனபின் மறுபடி எடுத்துப் படித்தேன். அந்த 'ஏதோ ஒன்று' முள் மாதிரி உறுத்தியது.

எங்கள் தொழிலில் ஒரு கோளாறு நடந்தால் ஆர்சிஏ என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, மூல காரணம் என்ன, இனி நடக்காமலிருக்க என்ன செய்யப்போகிறோம். அதில் 'மூல காரணம்' என்ற கட்டத்தில் 'சர்வரில் ஏதோ ஒன்று' என்று டீமில் ஒரு பையன் எழுதினால் அடுத்த நிமிடமே திருப்பி அனுப்பிவிடுவேன். செந்த்-எக்சுபெரி விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எழுத்தாளர் இல்லை. இருபதுகளின் நடுவிலிருந்து விமானம் ஓட்டிச் சம்பாதித்தவர். வேறு புத்தகங்களில் காற்றின் வேகம் முதல் கால் அழுத்தும் கட்டை வரை எழுதியவர். அவர் போய் 'ஏதோ ஒன்று' என்று எழுதினால் அது தெரியாமல் எழுதியதாக இருக்க முடியாது.

சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது. அந்த விமானம் நிஜத்தில் எப்படி விழுந்தது என்று தேடிப்போனேன்.

1935 டிசம்பர் 29 காலை, பாரிஸின் லெ பூர்ஷே விமானத் தளத்திலிருந்து செந்த்-எக்சுபெரியும் அவருடைய மெக்கானிக் அந்த்ரே பிரெவோவும் கிளம்புகிறார்கள். இலக்கு சைகோன். பாரிஸ்-சைகோன் வேகச் சாதனையை முறியடித்தால் 1,50,000 ஃபிராங்க் பரிசு. கெடு அந்த வருடத்தோடு முடிகிறது. விமானம் கோத்ரோன் சிமூன், ஒற்றை என்ஜின். எடையைக் குறைத்து எரிபொருளைக் கூட்டுவதற்காக வானொலிக் கருவியை விட்டுவிட்டுப் போகிறார்கள். மார்சேய், தூனிஸ், பெங்காசி. பெங்காசியிலிருந்து கெய்ரோவை நோக்கி இருட்டில், நிலவில்லாத வானத்தில் பறக்கிறார்கள். கீழே விளக்கில்லை, காதில் ரேடியோ இல்லை. கையில் இருப்பது கடிகாரமும், பின்காற்று இவ்வளவு வீசும் என்று கிளம்பும்போது கேட்டுக்கொண்ட ஒரு தகவலும். நேரத்தையும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்து, இந்நேரம் நைல் நதியைத் தாண்டியிருப்போம் என்று முடிவு செய்து, மேகத்துக்குள் இறங்கி, கெய்ரோவின் வெளிச்சத்தைத் தேடுகிறார். நைல் இன்னும் கிழக்கே கிடந்தது. டிசம்பர் 30 அதிகாலை 2:45 மணிக்கு, மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் பாலைவனத்தின் ஒரு மேட்டு நிலத்தில் உரசிக்கொண்டு போய் நொறுங்கி நின்றது. தரையெல்லாம் உருண்டையான கறுப்புக் கூழாங்கற்கள். அவை பேரிங் குண்டுகள் மாதிரி விமானத்துக்கு அடியில் உருண்டு கொடுத்ததால் இருவரும் பிழைத்தார்கள்.

இதையெல்லாம் 1939இல் வந்த 'தேர் தெ ஸோம்' புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் 'விண்ட், சாண்ட் அண்ட் ஸ்டார்ஸ்'. நான் படித்தது ஆங்கிலத்தில்தான். அந்தப் பாலைவன அத்தியாயத்தில் என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாரிஸிலிருந்து பாலைவனம்வரை ஏறக்குறைய இருபது மணி நேரப் பயணத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ரெனோ என்ஜின் அது. தரையில் மோதும் கணம்வரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. தப்பு கணக்கில். கணக்கு விமானியுடையது.

குட்டி இளவரசனின் கதைசொல்லி, ஆறு வருடத்துக்கு முன் நடந்தது இது என்கிறார். செந்த்-எக்சுபெரி அதை எழுதியது 1942இல், நியூயார்க்கில். கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ அந்த டிசம்பரில்தான் போய் நிற்கும். அதே மணல், அதே தாகம். காரணத்தை மட்டும் மாற்றிவிட்டார். ஒரு பாவமும் அறியாத என்ஜின்மேல் பழி.

முதலில் எனக்கு வந்தது ஒரு அற்ப சந்தோஷம். 'மாட்டினாயா' என்கிற சந்தோஷம். ஏனென்றால் நானும் இதைச் செய்திருக்கிறேன்.

எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு சின்ன மாற்றத்தை டிப்ளாய் செய்தேன். ஒரு கோரிக்கை தோற்றால் எத்தனை முறை திரும்ப முயல வேண்டும் என்ற எண்ணைக் கூட்டினேன். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், அது பாலபாடம். விடவில்லை. அவசரம், மறுநாள் ஊருக்குப் பஸ். ராத்திரி ஒன்றரை மணிக்கு ஒரு டிஸ்க் லேசாக மெதுவானது. டிஸ்க் என்றால் எப்போதாவது மெதுவாகத்தான் செய்யும், ஒரு நாளும் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு என் கோட், மெதுவான டிஸ்க்கைத் திரும்பத் திரும்பத் தட்டி, தட்டுகிற ஒவ்வொருவரும் இன்னும் பத்துப் பேரைக் கூட்டிவந்து, நாற்பது நிமிடத்தில் மொத்த சிஸ்டமும் படுத்துவிட்டது.

டிஸ்க்குகளைப் பார்த்துக்கொள்கிற டீமில் அன்றைக்கு நைட் ஷிஃப்ட்டில் ஒரு கான்ட்ராக்ட் பையன் இருந்தான். போனில், "அண்ணா, டிஸ்க்ல பெருசா ஒண்ணும் தெரியலையே. உங்க பக்கம் ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று கேட்டான். "இல்லப்பா" என்றேன்.

அறிக்கையின் மூல காரணக் கட்டத்தில் ஸ்டோரேஜ் தாமதம் என்று எழுதினேன். அது பொய் இல்லை, டிஸ்க் மெதுவானது உண்மை. வரைபடம்கூட ஒட்டினேன். மேலே எல்லோரும் படித்தார்கள், தலையாட்டினார்கள். இயந்திரத்தின்மேல் பழி போட்டால் யாருக்கும் வலிக்காது என்று நினைத்தேன். ஆனால் எந்த இயந்திரத்துக்கும் பக்கத்தில் அதைப் பார்த்துக்கொள்கிற ஒரு ஆள் நிற்கிறான். இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனின் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

விமானத் துறைக்கு இதெல்லாம் ரொம்ப முன்பே தெரியும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பதின்மூன்றாம் இணைப்பு, விபத்து விசாரணையின் நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே, யார் குற்றவாளி என்று தீர்மானிப்பது அதன் வேலையில்லை என்கிறது. அந்த மரபிலிருந்து கடன் வாங்கித்தான் எங்கள் ஆபீஸ்களிலும் பழிசுமத்தாத அறிக்கை என்று பேசுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பழி சொல்லக் கூடாது என்ற விதி, நான் செய்ததைச் சொல்லாமல் விடுவதற்கான வசதியாகவும் ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு ரொம்ப மெல்லியது.

எனவே செந்த்-எக்சுபெரியையும் அதே கூண்டில் ஏற்றினேன். துணைக்கு இன்னொரு சாட்சியும் கிடைத்தார்: ரோல்ட் டால். 1940 செப்டம்பர் 19, அதே எகிப்திய மேற்குப் பாலைவனம். கிளாடியேட்டர் ரகப் போர்விமானத்தில் தன் படைப்பிரிவைத் தேடிப்போன டாலுக்குக் கொடுக்கப்பட்ட இடக்குறிப்பு தப்பு. இடம் கிடைக்கவில்லை, எரிபொருள் தீர்கிறது, இருட்டுகிறது. இறங்கப் பார்த்து பாறையில் மோதி மண்டை உடைந்து கொஞ்ச நாள் பார்வையில்லாமல் கிடந்தார். 1942இல் அமெரிக்கப் பத்திரிகையில் அவருடைய முதல் எழுத்து அச்சானபோது தலைப்பு, லிபியாவின் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டேன் என்கிற அர்த்தத்தில் இருந்தது. போர்க்காலம், வழி தவறி விழுந்தேன் என்றால் யார் படிப்பார்கள்? பல பத்தாண்டுகள் கழித்து 'கோயிங் சோலோ'வில் நடந்ததை நடந்தபடி எழுதினார். எதிரியின் குண்டு, என்ஜின் கோளாறு, மெதுவான டிஸ்க். மூன்றும் ஒரே அலமாரியில் வைக்கவேண்டியவை என்று அப்போது தோன்றியது.

செந்த்-எக்சுபெரியை மட்டும் அந்த அலமாரியிலிருந்து எடுக்கவேண்டி வந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

என்ஜின் கோளாறு என்பது அவருக்கு நாக்கு நுனியில் வருகிற சாக்கு இல்லை. இருபதுகளில் துலூஸிலிருந்து டாக்கர்வரை தபால் கொண்டுபோன ப்ரெகே 14 விமானங்களின் என்ஜின்கள் எந்த நிமிடமும் காலை வாரும். பாத்திரம் பண்டமெல்லாம் ஒரேயடியாக விழுந்து உடைவதுபோல ஒரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான் முன்னறிவிப்பு என்று எழுதுகிறார். அதனால் பாலைவனப் பகுதியில் விமானங்கள் ஜோடியாகப் பறக்கும், ஒன்று இறங்கினால் மற்றது பக்கத்தில் இறங்கி ஆளைத் தூக்கிக்கொள்ள வேண்டும். 1926இல் குர்ப் என்ற விமானியின் விமானம் பழுதாகி இறங்கியது. காப்பாற்ற எராப்ல் இறங்கினார். மூர் இனத்தவர் சுட்டதில் எராப்லும் உடனிருந்த பிண்டாடோவும் செத்துப்போனார்கள், காயப்பட்ட குர்ப்பும் பின்னர் இறந்தார். அடுத்த வருடமே செந்த்-எக்சுபெரி அந்தக் கரையோரத்தில் காப் ஜூபி நிலையத்துக்குப் பொறுப்பாளராகப் போகிறார். விழுந்த விமானிகளைத் தேடிப்போய்க் கொண்டுவருவதும் அங்கே அவர் வேலை. என்ஜின் நின்றால் அடுத்து யாருக்கு என்ன ஆகும் என்று பிணங்களின் பெயரோடு தெரிந்தவர் அந்த வார்த்தையை எழுதும்போது கையில் ஒரு கனம் இருந்திருக்கும்.

இன்னொன்று. சிமூன் விபத்தை அவர் மறைக்கவேயில்லை. குட்டி இளவரசனுக்கு நான்கு வருடம் முன்பே, நைலைத் தாண்டிவிட்டேன் என்று நினைத்த தன் நினைப்பு, இறங்கிய தன் முடிவு, எல்லாவற்றையும் எழுதி, உலகமே படித்து, பிரெஞ்சு அகாதமி அதற்கு நாவல் பரிசும் கொடுத்துவிட்டது. ஊருக்கே தெரிந்ததை மறைக்க யாராவது கதை எழுதுவார்களா? என் அறிக்கைக்கும் அவர் கதைக்கும் முதல் வித்தியாசம் இது. நான் சொல்லவேண்டிய இடத்தில் மாற்றினேன். அவர் சொல்லி முடித்த பின் மாற்றினார்.

அப்படியென்றால் எதற்கு மாற்றினார்? ரெண்டாம் அத்தியாயத்தில் என்ஜினில் ஏதோ உடைந்தது என்று சொன்ன கையோடு, கூட மெக்கானிக்கும் இல்லை, பயணிகளும் இல்லை என்று கதைசொல்லி சொல்கிறார். நான் பல தடவை தாண்டிப்போன இடம். தனிமையைச் சொல்ல ஒரு வரி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நிஜத்தில் கூட இருந்தவர் மெக்கானிக். பிரெவோ. தெர்மாஸில் அரை லிட்டர் காப்பி, கொஞ்சம் வெள்ளை வைன், ஒரு ஆரஞ்சு என்று இருந்ததைப் பங்கிட்டவர். சேர்ந்து நடந்தவர். பாராசூட் துணியை விரித்து ராத்திரிப் பனியைச் சேகரித்து, அதைக் குடித்து இருவரும் குடல் புரட்டிக் கிடந்தார்கள். ஓரிடத்தில் பிரெவோ அழுகிறார். எனக்காக அழுகிறேன் என்றா நினைத்தாய் என்று கேட்கிறார். வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்து அழுகிறார். அந்தப் புத்தகத்தில் என்னைக் கலங்கவைத்த இடம் இது ஒன்றுதான். (புத்தகத்தின் கடைசிப் பகுதியில் மனிதகுலத்தைப் பற்றி செய்யும் உபதேசங்களை இப்போது படித்தால் கொஞ்சம் கொட்டாவி வருகிறது, மன்னிக்கவும்.)

அந்த பிரெவோவைக் கதையிலிருந்து எடுத்துவிட்டார். குழந்தை வருவதற்குத் தனிமை வேண்டும், சரி. ஆனால் மெக்கானிக் இல்லை என்று தனியாகக் குறிப்பிட்டு ஏன் சொல்ல வேண்டும்? வழி தவறி விழுந்தால் குற்றம் விமானியுடையது. என்ஜின் உடைந்து விழுந்தால் முதல் கேள்வி, மெக்கானிக் யார் என்பது. காரணத்தை என்ஜினுக்கு மாற்றும் அதே கணத்தில் அது பிரெவோவின் தலையில் போய் விடிந்துவிடும். எனவே காரணத்தை மாற்றும்போதே மெக்கானிக்கையும் அப்புறப்படுத்திவிட்டார் என்று நான் வாசிக்கிறேன். என்ஜினுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. பழி போய் விழ ஆளில்லை.

இது என் கற்பனை என்று யாராவது சொல்லலாம். 1931இல் வந்த அவருடைய 'வோல் த நுயி' நாவலைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். போனஸ் அயர்ஸில் உட்கார்ந்து தபால் விமானங்களை இயக்கும் ரிவியேர், ரொப்லே என்ற வயதான மெக்கானிக்கை ஒரே ஒரு தவறுக்காக வேலையை விட்டு அனுப்புகிறான். இருபது வருட சர்வீஸ். ரிவியேருக்கு அந்தக் கிழவர்மேல் கோபமில்லை. தவறு மனிதர்கள் வழியாகத்தான் நுழைகிறது, அதை அடிக்க வேறு வழியில்லை என்பது அவன் கணக்கு. நாவல் ரிவியேரைக் கொஞ்சம் அதிகமாகவே வியக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு ரிவியேர் உண்டு. அவர்கள் எல்லோரும் தங்களை அந்த நாவலின் நாயகன் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் ரொப்லேயின் கைகளை எழுதியவருக்கு, உடைந்த என்ஜின் கடைசியில் எந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று தெரியாமல் இருந்திருக்காது. பன்னிரண்டு வருடம் கழித்து அச்சான குட்டி இளவரசனில் அவர் எந்த ரொப்லேயையும் உள்ளே விடவில்லை.

என்ஜின் கோளாறால் கதைக்கு இன்னொரு லாபம் உண்டு. நொறுங்கிய சிமூனைப் பழுதுபார்க்க முடியாது. நின்றுபோன என்ஜினைப் பழுதுபார்க்கலாம். ஒற்றை என்ஜின் விமானத்தில் என்ஜின் நின்றால் அது கல் மாதிரி கீழே விழுவதில்லை. மிதந்து இறங்கும், நல்ல விமானி நல்ல தரை கிடைத்தால் முழுசாகவே இறக்கிவிடுவான். குட்டி இளவரசனில் நடந்தது அதுதான். பிரெஞ்சில் அவர் சொல்வது 'பான்'. ஓடுகிற வண்டி நின்றுபோவது. நம்மூரில் 'பிரேக்டவுன்' என்போமே, அது. ஆங்கிலத்தில் முதலில் மொழிபெயர்த்த கேத்தரின் உட்ஸ் அதை 'ஆக்சிடென்ட்' ஆக்கிவிட்டார். நம் எல்லோர் நினைவிலும் அது விழுந்து நொறுங்கிய விமானமாகவே இருப்பதற்கு அந்த வார்த்தைக்கும் பங்குண்டு.

ரிப்பேர் செய்யலாம் என்பதால்தான் ஏழாம் அத்தியாயம் சாத்தியமாகிறது. ஐந்தாவது நாள். குடிதண்ணீர் குறைகிறது. இறுகிப்போன ஒரு போல்ட்டைக் கழற்ற முடியாமல் விமானி திணறுகிறார். விரலெல்லாம் கிரீஸ். அந்த நேரம் பார்த்து அந்தப் பையன், முள்ளிருக்கும் பூவையும் ஆடு தின்னுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். இவர் வாய்க்கு வந்ததைச் சொல்லி வைக்கிறார். அப்புறம், முக்கியமான வேலையில் இருக்கிறேன் என்று சீறுகிறார். பெரியவர்கள் மாதிரி பேசுகிறாய் என்று அவன் வெளுத்துப்போய்க் கத்துகிறான், அழுகிறான். விமானி சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்கி அணைத்துக்கொள்கிறார்.

இந்தப் புத்தகத்தை இன்ஸ்டாகிராமில் நரி சொன்ன பொன்மொழியாகவே பார்த்துச் சலித்தவர்கள் இந்த அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படிக்கலாம். இங்கே விமானி செய்வது சின்னத்தனமான வேலை இல்லை. அந்த போல்ட் கழலவில்லையென்றால் அவர் செத்துப்போவார். பெரியவர்கள் எண்களைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று நையாண்டி செய்யும் அத்தியாயங்களில் நியாயம் பையன் பக்கம் மட்டுமே. இங்கே இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. போல்ட்டும் உயிர், பூவும் உயிர். அந்த எடை கிடைப்பதற்கு அவருக்கு ஒரு என்ஜின் தேவைப்பட்டது.

ஆனால் அந்த டிசம்பர் ராத்திரியின் கணக்குப் பிசகு? அது எங்கே போயிற்று? விமானியிடமிருந்து எடுக்கப்பட்ட தவறு கதையைவிட்டே போய்விடவில்லை, அது குட்டி இளவரசனிடம் போயிருக்கிறது என்பது என் வாசிப்பு. அவன்தான் அளவீட்டைத் தப்பாகப் படித்தவன். ரோஜா சொன்ன வார்த்தைகளை வைத்து அவளைக் கணித்தான், செய்ததை வைத்துக் கணித்திருக்க வேண்டும் என்று எட்டாம் அத்தியாயத்தில் அவனே சொல்கிறான். நேசிக்கத் தெரியாத வயது என்கிறான். கிடைத்த தகவலை நம்பி, இருட்டில், தாண்டிவிட்டோம் என்று நினைத்துக் கிளம்பியவன். உண்மையில் எதையுமே தாண்டவில்லை. ரோஜாவில் செந்த்-எக்சுபெரியின் மனைவி கொன்சுவெலோவைப் பார்ப்பது பழைய வாசிப்பு, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது, பிசகின் வடிவம் ஒன்றாக இருக்கிறது என்பது மட்டும். விமானியின் பழுது சரியாகிறது. குட்டி இளவரசனின் பழுதுக்கு ஸ்பேனர் கிடையாது, பாம்புதான் இருக்கிறது. இருபத்தாறாம் அத்தியாயத்தில் என்ஜின் ஓடத் தொடங்கிவிட்ட செய்தியை விமானி சொல்ல வரும்போது, பையன் அதை முந்திக்கொண்டு தெரிந்துவைத்திருக்கிறான். கதையிலேயே நல்ல செய்தி அது ஒன்றுதான். அது மிக மோசமான நேரத்தில் வந்து, யாரும் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிறது.

நிஜ விபத்தின் ஒரு தடயம் கதைக்குள் உருமாறாமல் வந்திருக்கிறது. மணலில் நடந்தபோது செந்த்-எக்சுபெரி ஃபெனெக் என்னும் பாலைவன நரியின் காலடித்தடத்தைப் பின்தொடர்கிறார். தாகத்தில் சாகப்போகிறவர், அதை மறந்து, அந்த நரி ஒரு செடியில் சில நத்தைகளை மட்டும் தின்றுவிட்டு மீதியை விட்டுவைத்துப் போயிருப்பதைக் கவனிக்கிறார். ஒரே செடியில் வயிறு நிறையத் தின்றால் அடுத்த வருடம் நத்தையே இருக்காது. குட்டி இளவரசனில் பொறுப்பைப் பற்றிப் பேசுகிற நரி எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு. நாலாவது நாள் ஒரு பெதுயின் அவர்களைக் கண்டுபிடித்துத் தண்ணீர் கொடுக்கும்முன், அந்தக் காலடித்தடங்களிலிருந்து வந்திருக்கலாம்.

கடைசி அத்தியாயத்துக்கு வருகிறேன். ஆறு வருடம் கழிந்துவிட்டது. விமானி ஊருக்குத் திரும்பிவிட்டார். பையன் தன் கிரகத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று நம்புகிறார். அப்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆடு ரோஜாவைத் தின்றுவிடாமலிருக்க ஒரு வாய்க்கூடு வரைந்து கொடுத்தாரே, அதைக் கட்டுவதற்கான தோல் பட்டையை வரைய மறந்துவிட்டார். பட்டை இல்லாமல் வாய்க்கூட்டை ஆட்டின் முகத்தில் மாட்ட முடியாது. பூ இருக்கிறதா, ஆடு தின்றுவிட்டதா, தெரியாது. இதைச் சரிசெய்ய அவர் எங்கேயும் போக முடியாது.

பல முறை படித்தும் இந்தப் பட்டையை நான் ஒரு அழகான சோகக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. புத்தகத்தின் தொடக்கத்தில் மூல காரணத்தை என்ஜினிடம் கொடுத்துவிட்டு, மெக்கானிக்கை வெளியே அனுப்பிவிட்டு, விமானியைச் சுத்தமாக வைத்திருந்தார். முடிவில், யாரும் கேட்காதபோது, ஒரு தவறை அவரே தன் பெயரில் எழுதுகிறார். இங்கே 'ஏதோ ஒன்று' என்ற மழுப்பல் இல்லை. எந்தப் பாகம் விட்டுப்போனது, யார் விட்டது, அதனால் என்ன ஆகலாம், எல்லாம் இருக்கிறது. திருப்பி அனுப்பத் தேவையில்லாத அறிக்கை.

1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து உளவுப் படம் எடுக்கக் கிளம்பிய அவருடைய விமானம் திரும்பவில்லை. அதன் சிதைவுகள் 2000இல் மார்சேய்க்கு அருகே கடலடியில் தென்பட்டன. 2004இல் அவருடையதுதான் என்று உறுதியானது. என்ஜின் கோளாறா, சுட்டார்களா, வேறு ஏதாவதா என்று அந்த உலோகத் துண்டுகளை வைத்துச் சொல்ல முடியவில்லை. பிரான்சில் குட்டி இளவரசன் வெளியானது அவர் காணாமல் போன பிறகுதான்.

அந்தப் பையனின் நம்பர் என் போனில் இன்னும் இருக்கிறது, ஆபீஸ் பெயரைச் சேர்த்து அடைப்புக்குறியில் 'ஸ்டோரேஜ் நைட்' என்று. இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்த வாரம் ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். வேறு யாரோ எடுத்தார்கள். ராங் நம்பர் என்றார்கள்.